ஓரத்தில் எழுதிய பென்சில் குறிப்புகள்

பிப்ரவரி 9

அலமாரியைத் தட்டி அடுக்கும்போது எண்ணிப் பார்த்தேன். தோட்டக் கையேடுகள் மட்டும் பதினொன்று. அதில் மூன்று பிரிக்கவே இல்லாத மாதிரி பளபளவென்று இருக்கின்றன. ஒன்று மட்டும் தண்ணீர் பட்டு உப்பி, மண் கறையோடு, முதுகில் டேப் ஒட்டிக் கிடக்கிறது. எது உபயோகப்பட்டது என்று அட்டையே சொல்லிவிட்டது. இருந்தாலும் மற்றவற்றுக்கும் ஒரு வாய்ப்பு. இனிமேல் செடிக்கு ஒரு பிரச்சினை என்றால் எல்லாவற்றையும் திறந்து பார்ப்பது, உதவாததை யாருக்காவது கொடுத்துவிடுவது.

பிப்ரவரி 11

நாள் பார்த்த மாதிரி ஸ்னேக் பிளான்ட் சாய்ந்துவிட்டது. இலையின் அடிப்பகுதி கொழகொழவென்று இருந்தது. தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பிடித்தால் மேல்தோல் காலுறை மாதிரி உருவி வந்து, உள்ளே நூல் மட்டும் கையில் நின்றது. வேரழுகல்தான், சந்தேகமே இல்லை.

நான் பின்பற்றியது அந்தப் பளபளப்புப் புத்தகங்களில் ஒன்று: "வாரம் ஒரு முறை தண்ணீர்." யாருடைய வாரம்? வெயில் அடிக்கும் ஜன்னலில் இருக்கும் சின்ன மண்தொட்டிக்கும், மூலையில் இருக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்கும் ஒரே வாரமா? உப்பிப்போன புத்தகத்தில் கிழமையே கிடையாது. விரலை இரண்டு கணு வரை மண்ணில் விடு, ஈரம் தட்டினால் விட்டுவிடு; இந்தச் செடிக்கு மட்டும் மண் முழுக்கக் காயும்வரை பொறு என்று எழுதியிருக்கிறது.

இன்னொரு கூத்து. ஒரு புத்தகத்தின் பொருளடைவில் ஸ்னேக் பிளான்ட் சான்சிவேரியா, இன்னொன்றில் டிரசீனா. இரண்டும் வேறு வேறு செடி என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 2017-ல்தான் அதை டிரசீனா பேரினத்தில் சேர்த்தார்களாம். பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் இரண்டு பெயரிலும் தேட வேண்டும்.

அழுகாத இலை ஒன்றை வெட்டி, இரண்டு நாள் காயவைத்து நட உத்தேசம்.

பிப்ரவரி 20

லெட்டூஸ் விதை முளைக்கவில்லை. பத்து நாள் ஆகிறது. மிளகாய் என்றால் இரண்டு மூன்று வாரம்கூடப் பொறுக்கலாம், இது அப்படி இல்லை. விதை பழசோ என்று நினைத்தேன்.

மூன்று கையேடுகள் "மார்ச்சில் விதைக்கவும்", "கடைசி உறைபனிக்குப் பிறகு நடவும்" என்றே பேசுகின்றன. எழுதியவர் எங்கே உட்கார்ந்து எழுதினாரோ அந்த ஊர் மார்ச் அது. பனியே உறையாத இடத்தில் கடைசி உறைபனியை எங்கே போய்த் தேடுவது? ஒன்றில் மண்டல வரைபடம் வேறு. அமெரிக்க வேளாண்துறையுடையது, 13 மண்டலங்கள். குளிர்காலத்தில் வெப்பநிலை எவ்வளவு கீழே இறங்கும் என்பதை வைத்துப் பிரித்தது. கோடையில் எவ்வளவு காயும் என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது.

நான்காவது புத்தகம் மாதத்தையே சொல்லாமல் மண்ணின் சூட்டைச் சொன்னது. மண் 30 டிகிரி செல்சியஸை நெருங்கினால் லெட்டூஸ் விதை முளைக்க மறுத்துத் தூங்கிவிடுமாம். மேலே கனமாக மண் மூடவும் கூடாது, வெளிச்சம் பட்டால் நன்றாக முளைக்கும். நான் இரண்டு தப்பையும் ஒன்றாகச் செய்திருக்கிறேன். புது டிரேயில் மேலாகத் தூவி, லேசாக அழுத்தி, வீட்டுக்குள் வெளிச்சம் வரும் இடமாகப் பார்த்துக் குளிர்ந்த தரையில் வைத்தேன்.

பிப்ரவரி 24

முளைத்துவிட்டது! நான்காவது புத்தகத்துக்கு அலமாரியில் இடம் உறுதி.

மார்ச் 3

இன்று மண் மாற்றும் வேலை. ஏழு புத்தகங்கள் ஒரே குரலில், தொட்டியின் அடியில் சரளைக்கல் போடு, தண்ணீர் வடியும் என்கின்றன. ஒன்று மட்டும் போடாதே என்றது. காரணத்தையும், வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு வழியையும் கொடுத்திருந்தது.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கி, படுக்கை வாட்டில் பிடித்தேன். சொட்டி முடிந்தது. அப்படியே நிமிர்த்திச் செங்குத்தாகப் பிடித்ததும் திரும்பவும் சொட்டியது! பிழியவே இல்லை, உயரம் மட்டும்தான் கூடியது. தொட்டி மண்ணும் அப்படித்தான். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குள் தண்ணீர் சுலபமாக இறங்காது. மண்ணின் அடிப்பகுதி நனைந்தபடியே நிற்கும். கல்லைப் போட்டால் அந்த ஈரப்பட்டை இன்னும் மேலே, வேருக்குப் பக்கத்தில் ஏறி வந்துவிடும். மண்ணின் உயரமும் குறைந்துபோகும்.

இத்தனை வருடம் கல் பொறுக்கியதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. எல்லாக் கல்லையும் எடுத்தாயிற்று. ஓட்டையில் மண் கொட்டாமல் இருக்க ஒரு துண்டு வலை, அவ்வளவுதான். ஏழு புத்தகங்கள் ஒரே மாதிரி சொல்வதால் உண்மை ஆகிவிடாது. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதாகவும் இருக்கலாம்.

மார்ச் 22

எழுத ஒன்றும் இல்லை. செடியில் அசுவினிப் பூச்சி வந்தது, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தேன், போய்விட்டது.

ஏப்ரல் 7

தக்காளியில் முதல் நான்கு காய். மேலே பார்க்க அழகு. திருப்பினால் அடியில், பூ உதிர்ந்த இடத்தில், தோல் செருப்பு மாதிரி கறுத்துத் தட்டையாக அமுங்கியிருக்கிறது. பூச்சி ஓட்டை இல்லை, பூஞ்சணமும் இல்லை.

படம் போட்ட புத்தகம் இப்போதுதான் கை கொடுத்தது. நோய்ப் பெயரின் அகர வரிசையில் அடுக்காமல், கண்ணுக்குத் தெரியும் அறிகுறியை வைத்துத் தேட முடிகிறது. பெயர் தெரிந்தால் நான் ஏன் புத்தகத்தைத் திறக்கிறேன்? பூ முனை அழுகல். காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேரவில்லை.

உடனே முட்டை ஓட்டைத் தூளாக்கிப் போடச் சொல்கிறது பக்கத்துப் புத்தகம். அது மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும், இந்தக் காய்க்கு உதவாது. தவிர, மண்ணில் சத்து இருந்தாலும் அதைக் காய்வரை தூக்கிப் போவது தண்ணீர்தானே. போன வாரம் நான் மூன்று நாள் வெளியூர். காயவிட்டு, வந்ததும் குற்ற உணர்ச்சியில் குடம் குடமாக ஊற்றினேன். தழைச்சத்து உரத்தையும் அள்ளிப் போட்டிருந்தேன், அதுவும் இதைக் கூட்டும்.

நான்கு காயையும் பறித்துவிட்டேன். மேலே காய்ந்த இலை மூடாக்கு, தினமும் காலையில் அளவாகத் தண்ணீர். ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்: "ஊருக்குப் போனால் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ."

ஏப்ரல் 26

அடுத்த கொத்து சுத்தமாக இருக்கிறது. பூசணியில் பத்துப் பூ பூத்து அத்தனையும் கொட்டிவிட்டது. பதறவில்லை. முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூ. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் இருக்கும். இதை நானே எப்போதோ ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன், கூடவே "இரண்டாவது முறை பயந்தது" என்றும்!

மே 5

வீட்டுச்செடிகள் காற்றைச் சுத்தப்படுத்தும் என்று ஒரு அத்தியாயம் முழுக்க எழுதிய புத்தகம் வெளியே போகிறது. 1989-ல் நாசா செய்த ஆய்வு, காற்றுப் புகாத பெட்டிக்குள் செய்தது. வீட்டில் கதவு ஜன்னல் வழியே மாறும் காற்றுக்கு ஈடாகச் செய்ய வேண்டுமென்றால் சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை தேவை என்று 2019-ல் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் நாங்கள் எங்கே படுப்பது?

அந்த அத்தியாயத்தைவிட, மணி பிளான்ட் இலையைப் பூனை கடித்தால் வாய் எரியும், எச்சில் ஒழுகும், அதில் கால்சியம் ஆக்சலேட் என்ற பொருளின் நுண்ணிய ஊசி மாதிரியான படிகங்கள் இருக்கின்றன என்று ஒரு வரி போட்டிருக்கலாம். தொட்டியைப் பூனைக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றினேன்.

மே 11

எதிர்வீட்டு அக்கா புதிதாக மூன்று தொட்டி வாங்கியிருக்கிறார், ஒரு புத்தகம் கேட்டு வந்தார். பளபளப்பானவற்றை மேஜையில் பரப்பினேன். அவர் எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, டேப் ஒட்டிய புத்தகத்தை எடுத்தார். "இதுல ஓரமா எழுதியிருக்கே, இது வேணும்."

தர மனசில்லை. நாளைக்கு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். "இரண்டாவது முறை பயந்தது" இருக்கும் பக்கத்தையும்தான்.