குழியை மூடிய ஊரில் குடித்தனம்

ஜெர்மனியில் எந்த ஊர் என்று கேட்பவர்களிடம் எஸ்ஸன் என்றால் கல்லிடைக்குறிச்சியில் யாருக்கும் பிடிபடாது. பெர்லின் தெரியும். பிராங்பர்ட், ஃப்ளைட் மாறுகிற இடமாகத் தெரியும். கரி வெட்டிய ஊர் என்றதும் "நெய்வேலி மாதிரியா?" என்பார்கள். நெய்வேலியில் தரையைத் திறந்து அள்ளுவது பழுப்பு நிலக்கரி. எஸ்ஸனில் ஆளை இரும்புக் கூண்டில் ஏற்றிப் பூமிக்குள் இறக்கி வெட்டிய கறுப்புக் கரி. கடைசிக் காலத்தில் ஆயிரம் மீட்டர் ஆழம் வரை போனார்கள். இப்போது அந்த ஊரில் ஒரு சுரங்கக் குழிகூட ஓடவில்லை. கடைசியாக இருந்ததை 1986 டிசம்பரில் மூடிவிட்டார்கள். நம் நெல்லை மாவட்டத்தைப் பிரித்துத் தூத்துக்குடியைத் தனியாக்கிய அதே வருஷம்.

இந்த முறை லீவில் வந்தபோது சரியான கேள்வியைக் கேட்டவர் என் மாமா ஒருவர்தான். ஊத்து எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வேலை பார்த்தவர். "எய்யா, குழிய மூடிட்டான், சரி. அதுக்குள்ள வேல பாத்தவன்லாம் எங்கய்யா போனான்?" என்றார். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டப் பக்கத்துக்காரர் வேறெதைக் கேட்பார்? சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் தேயிலைக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்ட மலை அது. குத்தகை முடிய இன்னும் நாள் இருக்கும்போதே, 2024-ல், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இறங்கச் சொல்லிவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக மலையிலேயே இருந்துவிட்ட பலருக்கு அடிவாரத்தில் கையகல இடம் கிடையாது. அரசாங்கத் தேயிலைக் கழகமான டான்டீ எடுத்து நடத்தட்டும் என்று கேட்டுப் பார்த்தார்கள், ஆகவில்லை. மாமாவுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்த வீடு ஊரின் வடக்குப் பக்கம். தெற்கே வாடகை கூடுதல். அந்தக் காலத்தில் முதலாளிகளும் மேனேஜர்களும் தெற்கே ஏரிப்பக்கமும் காட்டுப்பக்கமும் இருந்தார்கள், தொழிலாளிகள் வடக்கே குழியை ஒட்டி இருந்தார்கள். அந்தக் கோடு இன்னும் அழியவில்லை. குடியேறிய புதிதில் பையன் கோலிக்குண்டை எங்கே உருட்டினாலும் அது சமையலறைச் சுவரோரம் போய்த்தான் நின்றது. வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னால், "ஆமாம், நிலம் இறங்கியிருக்கிறது" என்று மழை பெய்கிறது என்பதுபோலச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடியில் கரியை எடுத்த இடம் வெற்றாகி, மேல்பாறை அதில் உட்கார, அதோடு சேர்ந்து தெருவும் வீடும் உட்காரும். எஸ்ஸனும் சுற்றியுள்ள கரி ஊர்களும் சேர்ந்த ரூர் பகுதியில் சில இடங்கள் 20 மீட்டருக்கும் மேல் இறங்கியிருக்கின்றன. சுவரில் விரிசல் விட்டால் சுரங்கக் கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்கச் சட்டமே இருக்கிறது. வீடு வாங்கப் போகிறவர்கள் முதலில் இதைத்தான் விசாரிப்பார்கள்.

கீழ்த்தளத்தில் இருக்கும் பெரியவர் முப்பது வருஷத்துக்கு மேல் குழிக்குள் இறங்கியவர். துருக்கிக்காரர். 1961-ல் இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்ட பிறகு வந்த கூட்டத்தைத் தொடர்ந்து வந்த குடும்பம். அவர் முன்கையில் நீலநீலமாகக் கோடுகள் இருக்கும். பச்சை குத்தியிருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். கல் விழுந்து கிழித்த காயத்தில் கரித்தூள் புகுந்து, அப்படியே மேல்தோல் மூடிக்கொண்ட தழும்பு அது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. தெருமுனைப் பெட்டிக்கடையில் வயதான ஆட்கள் நாலைந்து பேர் நின்று பியர் குடிப்பார்கள். இப்படிப்பட்ட கைகளை அங்கே நிறையப் பார்க்கலாம். அந்தக் கடைகளுக்கும் ஒரு கதை உண்டு. தொழிலாளிகள் சாராயத்துக்குப் போகாமல் நல்ல தண்ணீர் குடிக்கட்டும் என்று ஆரம்பித்தவையாம். இப்போது தண்ணீர் தவிர எல்லாம் நன்றாக விற்கிறது.

சரி, மாமாவின் கேள்வி. 1950களில் ரூர் சுரங்கங்களில் நாலு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வேலை பார்த்தார்கள். கரி தீர்ந்துபோகவில்லை, இன்னும் அடியில் கிடக்கிறது. எண்ணெய் வந்தது, கப்பலில் வருகிற வெளிநாட்டுக் கரி மலிவாக இருந்தது, ஆயிரம் மீட்டர் கீழே இறங்கி வெட்டினால் கட்டுப்படியாகவில்லை. 1958 வாக்கில் தொடங்கிய மூடல் முடிய அறுபது வருஷம் ஆயிற்று. பக்கத்து ஊரான போட்ரோப்பில் கடைசிக் கரித்துண்டை 2018 டிசம்பர் 21-ல் மேலே கொண்டுவந்து ஜனாதிபதி கையில் கொடுத்தார்கள். இடையில் ஒரு குழியில் ஆள் குறைத்தால் இன்னொன்றுக்கு மாற்றினார்கள். வேறு தொழில் கற்றுக்கொடுத்தார்கள். அடியில் வேலை பார்த்தவர்களை ஐம்பது வயதை ஒட்டியே உதவித்தொகை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கீழ்வீட்டுப் பெரியவர் அப்படி வந்தவர்தான். இதெல்லாம் வெள்ளைக்காரன் நல்ல மனசு என்று நினைத்துவிட வேண்டாம். 1997 பிப்ரவரியில் சுரங்கங்களுக்கு அரசு கொடுத்துவந்த மானியத்தை வெட்டப் பார்த்தபோது, ரூர் நெடுக 93 கிலோமீட்டருக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கைகோத்து நின்றார்கள். சங்கம் அவ்வளவு பலம்.

இதைச் சொன்னபோது மாமா ஒன்றும் பேசவில்லை. அடுத்த இரண்டு வருஷத்தில், 1999 ஜூலை 23-ல், மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் போய், போலீஸ் தடியடிக்குப் பின் தாமிரபரணியில் 17 பேர் செத்ததை இந்தப் பக்கத்தில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி பார்க்கிற இடங்கள். எஸ்ஸனுக்கு வந்தால் முதலில் சோல்வெரைன். 1847-ல் தொடங்கிய சுரங்கம். ஆனால் எல்லோரும் படம் எடுப்பது 1932-ல் ஓட ஆரம்பித்த 12-ம் எண் குழியை. 55 மீட்டர் உயர இரும்புக் கோபுரம், மேலே பெரிய சக்கரங்கள், சுற்றிலும் செங்கல்லும் எஃகுச் சட்டமுமாக நேர்கோட்டுக் கட்டடங்கள். ஷுப், கிரெம்மர் என்று இரண்டு கட்டடக் கலைஞர்கள் வரைந்தது. நாளைக்கு 12,000 டன் கரி இதன் வழியாக மேலே வந்தது. மூடியதும் இடித்துத் தள்ளாமல் மாநில அரசு வாங்கிக் காப்பாற்றியது. 2001-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்.

கரி கழுவிய கட்டடத்தில்தான் இப்போது ரூர் மியூசியம். வெளியிலிருந்து ஆரஞ்சு நிற விளக்குப் போட்ட நீள எஸ்கலேட்டர் 24 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து ஒவ்வொரு தளமாகக் கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். கரியும் அப்படித்தான் மேலே ஏறி, சலித்து, கழுவிக் கீழே இறங்கியதாம். பக்கத்துக் குளியல் கூடம் இப்போது நடனக் கலைஞர்களுடையது. வெள்ளை டைல்ஸும் சோப்பு வைக்கிற குழிவும் சுவரில் அப்படியே இருக்கின்றன. வேலைக்கு இறங்குமுன் உடுப்பைக் கொக்கியில் மாட்டிச் சங்கிலியால் கூரைக்கு ஏற்றிப் பூட்டுப் போடுவது சுரங்கக்காரர்கள் வழக்கம். அலமாரி வைத்தால் இடம் போதாது, மேலே தொங்கினால் ஈரமும் காய்ந்துவிடும். எனக்கு அந்த மியூசியத்தின் பெரிய பெரிய மெஷின்களைவிட இந்த ஏற்பாடுதான் பிடித்தது. கரியைச் சுட்டுக் கோக் ஆக்கிய உலைகள் பக்கம் கோடையில் சரக்குக் கன்டெய்னர்களை வெட்டி ஒட்டிச் செய்த நீச்சல் குளம், குளிர்காலத்தில் உலை ஓரமாகவே நீளமான சறுக்குத் தளம். பிள்ளைகளுக்கு இது போதும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வில்லா ஹ்யூகல், இரும்பு முதலாளி ஆல்ஃபிரட் க்ருப் 1873-ல் கட்டி முடித்த 269 அறை மாளிகை. மலைத்துப் போகலாம், திரும்பி வரலாம். மார்கரெத்தன்ஹோஹே, 1909-லிருந்து க்ருப் குடும்பத்து அம்மா கட்டிவைத்த குடியிருப்பு. தோட்டத்தோடு சின்னச் சின்ன வீடுகள், நடக்க அருமையான இடம். பெரிய கோயிலில் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட தங்க மாதா சிலை இருக்கிறது. மாலையில் பால்டெனை ஏரிக்கரை.

எம்ஷர் ஆற்றைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாக. நிலம் இறங்கிக்கொண்டே இருந்ததால் பூமிக்கடியில் சாக்கடைக் குழாய் போட முடியவில்லை. நூறு வருஷத்துக்கும் மேல் அந்த ஆறே திறந்த சாக்கடையாக ஓடியது. குழிகள் போன பிறகுதான் குழாய் பதித்தார்கள். முப்பது வருஷ வேலை, ஐந்து பில்லியன் யூரோவுக்கும் மேல் செலவு, 2021 கடைசியில் கழிவு கலப்பது நின்றது. நெல்லை வண்ணாரப்பேட்டைப் பாலத்தில் நின்று தாமிரபரணியைப் பார்க்கிறபோது எனக்கு எம்ஷர் ஞாபகம் வராமல் இருப்பதில்லை. இங்கே நிலம் ஒன்றும் இறங்கவில்லையே! ரூரில் செலவு அதோடு முடியவில்லை. இறங்கிய ஊர் தண்ணீரில் மூழ்காமலிருக்க இன்றைக்கும் பம்ப் ஓடுகிறது, இனி எப்போதும் ஓட வேண்டும். அதற்கென்றே 2007-ல் ஒரு அறக்கட்டளை வைத்திருக்கிறார்கள்.

நம் ஆட்கள் என்றால் ஈழத்தமிழர்கள்தான் அதிகம். கறிவேப்பிலை, பச்சைமிளகாய், முருங்கைக்காய் எல்லாம் அவர்கள் கடையில். அவர்கள் இடியாப்பத்துக்கு ஊற்றுகிற சொதி தண்ணியாக இருக்கும். நெல்லைப் பக்கம் மறுவீட்டு விருந்தில் போடுகிற சொதி சாப்பிட்டு வளர்ந்த எனக்கு அதைச் சொதி என்று ஒத்துக்கொள்ள மனசு வராது. கேட்டால் அவர்களும் நம்முடையதைப் பற்றி அதையே சொல்கிறார்கள். ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் ஹம் என்று இன்னொரு பழைய கரி ஊர். 2002-ல் அங்கே காமாட்சி அம்மனுக்குக் கோபுரத்தோடு கோயில் கட்டிவிட்டார்கள். கோடைத் திருவிழாவில் தேர் இழுக்க ஆயிரக்கணக்கில் கூடுவார்கள்.

ஊரிலிருந்து பெற்றோரைக் கூப்பிடுகிறவர்கள் அந்தத் திருவிழாவை ஒட்டிக் கூப்பிடுங்கள், குளிரும் இருக்காது. ஒன்று: சோல்வெரைனில் அடியில் இறங்கிப் பார்க்க முடியாது. என் அப்பா அதற்கு ரொம்பக் குறைப்பட்டார். அப்புறம் பக்கத்தில் போஹும் ஊர்ச் சுரங்க மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே சுமார் 20 மீட்டர் ஆழத்தில், காட்டுவதற்கென்றே தோண்டிய சுரங்கப்பாதை இருக்கிறது. மெஷினை ஓட்டிக் காட்டும்போது சத்தம் காதைப் பிளக்கும். கையோடு பஞ்சு கொண்டுபோவது நல்லது.