எல்ஜின் குடும்பத்தைப் படித்தால் வைஸ்ராய் பட்டியல் மறக்காது

குரூப் 2 ஆகட்டும், யூ.பி.எஸ்.சி. ஆகட்டும், வைஸ்ராய்கள் பட்டியலைத் தாண்டாமல் நவீன இந்திய வரலாற்றை முடிக்க முடியாது. கேனிங், எல்ஜின், லாரன்ஸ், மேயோ என்று ஒப்பித்துப் படிப்பவர்கள் எல்ஜின் பெயர் இரண்டாவது முறை வரும்போது தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். 1862லும் எல்ஜின், 1894லும் எல்ஜின். பொருத்துக வகைக் கேள்விகளில் இந்த ஒற்றுமையே பொறியாகிவிடும்.

இதற்கு நான் கையாண்ட வழி, பட்டியலை மூடி வைத்துவிட்டு அந்தக் குடும்பத்தின் கதையைப் படித்ததுதான். ஒரு தாளின் நடுவில் தாத்தா, மகன், பேரன் என்று மூன்று பெயர்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினேன். ஒவ்வொரு பெயருக்கும் வலப்பக்கம் அவர் பதவி வகித்த ஊர்கள், இடப்பக்கம் அவர் காலத்தில் இந்தியாவில் நடந்தவை. அந்த ஒரு பக்கம் போதும். எப்படி என்று சொல்கிறேன்.

இவர்கள் புரூஸ் குடும்பம். எல்ஜின் என்பது தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் ‘ஏர்ல்’ என்ற பிரபுப் பட்டத்தின் பெயர். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில், டன்ஃபர்ம்லின் நகருக்கு அருகில் உள்ள புரூம்ஹால் மாளிகைதான் இவர்கள் வீடு. தாத்தா தாமஸ் புரூஸ், ஏழாவது ஏர்ல். துருக்கி சுல்தானிடம் பிரிட்டன் தூதராக இருந்தவர். ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் சிற்பங்களைப் பெயர்த்துக் கப்பலில் ஏற்றியவர் இவர்தான். 1816இல் பிரிட்டன் அரசு 35,000 பவுண்டு கொடுத்து அவற்றை வாங்கியது. அவர் செலவழித்ததோ அதைவிட மிக அதிகம், குடும்பம் கடனில் மூழ்கியது. அந்தச் சிற்பங்களை கிரேக்கம் இன்றும் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதால், நடப்பு நிகழ்வுகளுக்கும் இது உதவும்.

அடுத்து மகன் ஜேம்ஸ் புரூஸ், எட்டாவது ஏர்ல். நம் பாடத்தில் வரும் முதலாம் எல்ஜின் இவர்தான், இவரிடம்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். 1811இல் பிறந்தார், ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் படித்தார். அதே காலத்தில் அதே கல்லூரியில் படித்த இன்னும் இரண்டு பேர் டல்ஹௌசி, கேனிங். 1848 முதல் 1863 வரை இந்தியாவை ஆண்ட மூவரும் ஒரே கல்லூரித் தோழர்கள்! ஆண்ட வரிசையிலேயே இறந்தும் போனார்கள்: டல்ஹௌசி 1860இல், கேனிங் 1862இல், எல்ஜின் 1863இல். மூவரில் ஒருவர்கூட அறுபதைத் தொடவில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு காலவரிசைக் கேள்விகளில் இந்த மூன்று பெயர்களை நான் யோசிக்கவே வேண்டியிருந்ததில்லை.

1841இல் சௌதாம்ப்டன் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனார். அதே ஆண்டில் தந்தை இறந்து ஏர்ல் பட்டம் இவருக்கு வந்தது. ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் காமன்ஸ் சபையில் உட்கார முடியாது. கடனும் தலைக்கு மேல் இருந்தது. கடல் கடந்த பதவிகளை ஏற்று ஜமைக்காவுக்கு ஆளுநராகப் போனார். முதல் மனைவி அங்கேயே இறந்துவிட்டார். பிறகு மணந்தது டர்ஹாம் பிரபுவின் மகள் மேரி லாம்ப்டனை.

இந்தத் திருமணத்தை அடிக்கோடிடுங்கள். கனடாவுக்குப் பொறுப்பாட்சி, அதாவது மக்கள் தேர்ந்தெடுத்த சபைக்குப் பதில் சொல்லும் அமைச்சரவை, தர வேண்டும் என்று 1839இல் அறிக்கை கொடுத்தவர் டர்ஹாம். அதை நடைமுறைப்படுத்தியவர், 1847இல் கனடாவின் கவர்னர் ஜெனரலாகப் போன அவருடைய மருமகன். 1837-38 கலகத்தில் சொத்து இழந்தவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் அவர் கையெழுத்துக்கு வந்தது. அவருக்கே அதில் முழுத் திருப்தி இல்லை. ஆனாலும் பெரும்பான்மை பெற்ற அமைச்சரவை நிறைவேற்றிய சட்டம் என்பதால் 1849 ஏப்ரல் 25 அன்று கையெழுத்திட்டார். வெளியே வந்த அவருடைய வண்டி மீது முட்டைகள் பறந்தன. அன்று இரவே மான்ட்ரியலில் நாடாளுமன்றக் கட்டடத்தைக் கொளுத்தினார்கள். அப்படியும் கூட்டத்தின் மீது துப்பாக்கியைத் திருப்ப அவர் சம்மதிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து அதே ஊரில் பிறந்த அவர் மகன்தான் விக்டர், பிற்கால இரண்டாம் எல்ஜின். விக்டோரியா ராணி ஞானத்தாய், அதனால் அந்தப் பெயர்.

அப்புறம் சீனா. 1857இல் படையோடு சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்தவருக்கு சிங்கப்பூரில் கேனிங்கின் அவசரக் கடிதம் வந்தது. இந்தியாவில் வெடித்த கிளர்ச்சியை அடக்கக் கல்லூரித் தோழர் கேட்ட உதவி. படைகளைக் கல்கத்தாவுக்குத் திருப்பிவிட்டார். பெருங்கிளர்ச்சி பற்றி எழுதும்போது இந்த ஒரு வரியைச் சேர்த்தால் விடை தனித்துத் தெரியும். 1858இல் தியான்ஜின் உடன்படிக்கை, 1860 அக்டோபரில் பீக்கிங்கின் பழைய கோடைக்கால அரண்மனை எரிப்பு. சீனர்கள் பிடித்துவைத்த தூதுக் குழுவினர் சிலர் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க, எரிக்க ஆணையிட்டவர் இவரே. கனடாவில் அவ்வளவு பொறுமை காட்டியவர் ஆசியாவில் இப்படி நடந்துகொண்டார். வெள்ளையர் குடியேறிய நாட்டுக்கு ஒரு நீதி, ஆசியர்களுக்கு வேறு நீதி என்பதை விளக்க இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. மெயின்ஸ் விடைகளில் இதைத் தயங்காமல் எழுதுங்கள்.

1862 மார்ச்சில் வைஸ்ராய் ஆனார். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. உயர் நீதிமன்றச் சட்டம் 1861இல், கேனிங் காலத்தில் வந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை உயர் நீதிமன்றங்கள் செயல்படத் தொடங்கியது 1862இல், எல்ஜின் காலத்தில். கூற்று-காரணம் வகையில் இதைப் புரட்டிப்போட்டுக் கேட்க வாய்ப்பு அதிகம். வஹாபிகளுக்கு எதிரான அம்பேலாப் போர் 1863. அதே ஆண்டு குலுவுக்கும் லாஹௌலுக்கும் இடையே ஆற்றின் மேல் தொங்கிய கயிற்றுப் பாலத்தைக் கடந்ததில் இதயம் பாதிக்கப்பட்டு, நவம்பர் 20 அன்று தர்மசாலாவில் இறந்தார். கல்லறையும் அங்கேதான். லாரன்ஸ் வந்து சேரும்வரை தற்காலிக வைஸ்ராயாக இருந்தவர்களில் ஒருவர் சென்னை ஆளுநர் வில்லியம் டெனிசன்.

பேரன் விக்டர், ஒன்பதாவது ஏர்ல், 1894 முதல் 1899 வரை. இவரைச் சுருக்கமாகவே படிக்கலாம், ஏனென்றால் தேர்வுக்கு வேண்டியது இவர் செய்ததைவிட இவர் காலத்தில் நடந்தது. 1896இல் பம்பாயில் பிளேக், அதே ஆண்டில் தொடங்கிய பெரும் பஞ்சம், 1897இல் தொற்றுநோய்ச் சட்டம், லயால் பஞ்சக் குழு, புனேயில் சாபேகர் சகோதரர்கள் பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்டது, திலகருக்குச் சிறை. நம் பக்கம் 1895இல் முல்லைப் பெரியாறு அணை, 1897 ஜனவரியில் விவேகானந்தர் பாம்பனில் கரையிறங்கியது. ஒரே காலக்கட்டத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று இன்னொன்றை நினைவூட்டும்.

ஆண்டுகளை முதலில் மனப்பாடம் செய்ய வேண்டாம். கதையை உங்கள் தம்பியிடமோ அறைத்தோழரிடமோ தாளைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். எங்கே நின்றுபோகிறதோ அந்த ஆண்டை மட்டும் எழுதிப் பழகுங்கள். பிறகு முந்தைய ஆண்டு வினாத்தாள்களை எடுங்கள்.

இது சரியாக வந்தால் அடுத்து மின்டோ குடும்பம். இவர்களும் ஸ்காட்லாந்துக்காரர்கள்தான். 1809இல் ரஞ்சித் சிங்குடன் அமிர்தசரஸ் உடன்படிக்கை செய்துகொண்ட காலத்து கவர்னர் ஜெனரல் முதலாம் மின்டோ. சரியாக நூறு ஆண்டு கழித்து, 1909 மின்டோ-மார்லி சீர்திருத்தத்தில் வருபவர் அவருடைய கொள்ளுப்பேரன்.