ஓப்பன் ஃபைல்

"ஓப்பன் ஃபைலை மட்டும் அனுப்பிடேன் தம்பி. ஒரே ஒரு எழுத்து மாத்தணும், பேரனை விட்டுப் பண்ணிக்கிறேன்."

"ஓப்பன் ஃபைல் தர்றதில்லைங்க ஐயா. கரெக்‌ஷன் எதுன்னாலும் நானே பண்ணித் தர்றேன்."

"சரிப்பா, பரவாயில்லை."

நடந்தது இவ்வளவுதான். ஓப்பன் ஃபைல் என்றால், யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தக்கூடிய மூல டிசைன் ஃபைல். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் சொன்னதில் தவறில்லை என்று இப்போதும் வாதாட முடியும். ஆனால் அந்த "பரவாயில்லை" மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வாழ்நாளெல்லாம் எழுதிய கவிதைகளைத் தொகுத்து, 16 பக்கம் கொண்ட ஆறு ஃபாரமாக, 96 பக்கத்தில் ஒரு புத்தகம். தட்டச்சு, லேஅவுட், அட்டை எல்லாம் நான். தனியாகத் தொழில் தொடங்கிய முதல் வருடத்து வேலை அது.

நான் ஏன் தர மறுத்தேன் என்பதற்கு என் பழைய வேலைகளைச் சொல்ல வேண்டும். அச்சகத்தில் டி.டி.பி. ஆபரேட்டராகத்தான் நுழைந்தேன். 2001-இல் கடைசிப் பதிப்பு வந்த பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளை எங்கள் அச்சகம் அதற்குப் பிறகும் பல வருடம் விடவில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியீடான யூனிகோடில் தமிழ் 1991-லேயே சேர்ந்துவிட்டது. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு கடைசிவரை புரியவே இல்லை. அதனால் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தன் இஷ்டப்படி உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பக்கம் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கிலக் கிறுக்கல்தான். ஒருமுறை அப்படியே அச்சுக்கான பிளேட் போட்டுவிட்டார்கள். அன்று வாங்கிய திட்டில், எல்லாவற்றையும் கர்வ்ஸ் ஆக்கி அனுப்பும் பழக்கம் வந்தது. கர்வ்ஸ் ஆக்கிவிட்டால் எழுத்து வெறும் வடிவமாகிவிடும். எங்கே திறந்தாலும் கலையாது. ஆனால் அதன்பின் ஒரு எழுத்தைக்கூடத் தட்டித் திருத்த முடியாது.

டிசைனர் திடீரென நின்றுபோன வாரம் அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். பிறகு ஒரு ஸ்டூடியோ, அதன்பின் விளம்பர நிறுவனம். அங்கிருந்து கிளம்பும்போது நான் செய்த வேலைகளில் சிலவற்றை மாதிரிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "அது கம்பெனி ஃபைல்" என்றார்கள். சம்பளத்துக்குச் செய்தது நிறுவனத்துக்குத்தான் சொந்தம், சட்டமும் பொதுவாக அப்படித்தான். இத்தனை வருட உழைப்பில் என் கையில் ஒன்றுமே இல்லாமல் வெளியே வந்தேன். 'என் ஃபைல்' என்று நான் சொல்லிக்கொள்ள முடிந்தது தனியாக வந்த பிறகுதான். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அதற்குச் சில மாதம் முன்பு வேறொருவருக்கு ஓப்பன் ஃபைல் கொடுத்து, அவர்கள் தலைப்பை அகலவாக்கில் இழுத்து, எழுத்தெல்லாம் சப்பையாகி, கீழே என் பெயரோடு அச்சாகி வந்தது. அதனால்தான் மறுத்தேன். இல்லை, முழுக்க அதனால் மட்டுமில்லை. பெரியவர் கட்டணத்தைத் தவிர்க்கப் பார்க்கிறார் என்றும் ஒரு நினைப்பு மனதில் ஓடியது. மூன்று முறைக்கு மேல் கரெக்‌ஷன் என்றால் தனிக் கட்டணம் என்று என் கொட்டேஷனில் இருந்தது. மூன்றும் முடிந்திருந்தது. "நானே பண்ணித் தர்றேன்" என்ற எனக்கு "காசு வேண்டாம்" என்ற இரண்டு சொல் வாயில் வரவில்லை. எந்த எழுத்து என்றுகூடக் கேட்கவில்லை.

பல மாதம் கழித்து ஒரு இரவு அந்தப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். 61-ஆம் பக்கத்தில் நின்றேன். 'கறை' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கரை'. துணியில் பட்ட மை காயும் கவிதை. திடீரென ஆற்றங்கரைக்குப் போய்விட்டது. அவர் கையெழுத்துப் பிரதியின் படங்களைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். வல்லின 'ற', அவருக்கே உரிய அந்த நீண்ட வாலோடு, தெளிவாக இருந்தது. தட்டியது நான். மூன்று புரூஃப் பார்த்தும் அவர் கண்ணில் படவில்லையே என்று அந்த நேரத்திலும் ஒரு சமாதானம் தேடினேன். பள்ளியில் 'ர', 'ற' வித்தியாசம் சொல்லிக்கொடுத்த மனிதருக்கு அது அச்சில் எப்படி உறுத்தியிருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது. உன் பிழை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திருத்தி, புது பி.டி.எஃப். எடுத்து அனுப்பினேன். "61-ஆம் பக்கம் என் தட்டச்சுப் பிழை, மன்னிக்கணும் ஐயா" என்று எழுதினேன். மறுநாள் "நன்றி தம்பி" என்று பதில் வந்தது. அவர் சொன்ன எழுத்து அதுதானா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வேறு எழுத்தாக இருந்தால்? அதன்பின் இருமுறை முழுப் புத்தகத்தையும் படித்துவிட்டேன், வேறெதுவும் கிடைக்கவில்லை.

கொட்டேஷனில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது: என் தட்டச்சுப் பிழைகளுக்கு எப்போது கேட்டாலும் கட்டணம் இல்லை. ஓப்பன் ஃபைல் மட்டும் இன்றும் யாருக்கும் தருவதில்லை.