டிஸ்னி வேர்ல்டில் முன்பணம் கட்டிச் சாப்பிடுவது

ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில், டிஸ்னியின் விடுதிகளில் தங்குவோருக்காக உள்ள, சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டும் திட்டமான டைனிங் பிளான், கொரோனாவால் 2020இல் நிறுத்தப்பட்டு, 2024 ஜனவரியில் மீண்டும் வந்தது. தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் ஆளுக்கு இத்தனை வேளை என்று கணக்கில் ஏற்றுகிறார்கள்: மலிவான திட்டத்தில் கவுன்டரில் வாங்கிச் சாப்பிடும் இரண்டு வேளையும் ஒரு சிற்றுண்டியும் உண்டு, விலை கூடியதில் அவற்றுள் ஒரு வேளை, மேசையில் பரிமாறப்படும் சாப்பாடாகிவிடும். இன்று உண்ணாததை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றாலும், அறையைக் காலி செய்யும் நாளின் நள்ளிரவோடு மிச்சமெல்லாம் காலாவதியாகிவிடும்.

பத்து வயது நிரம்பிய பிள்ளைக்கும் பெரியவர் கட்டணம்தான். பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்திருக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இது உறுத்தத்தான் செய்யும். எங்களைப் போன்ற சைவக் குடும்பங்களுக்கு இன்னொரு நட்டம்: மாட்டிறைச்சி ஸ்டேக்குக்கும் காய்கறித் தட்டுக்கும் கழிப்பது ஒரே வேளைதான். ஆகவே மேசை வேளைகளை, மிக்கி மவுஸ் நேரில் வந்து குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்ளும் ஷெஃப் மிக்கீஸ் போன்ற, வேண்டுமட்டும் சாப்பிடக்கூடிய இடங்களில் செலவழிப்பதே கெட்டிக்காரத்தனம். சிண்டரெல்லா கோட்டைக்குள் உள்ள உணவகமோ இரண்டு வேளைகளைக் கழித்துவிடும்.

டிஸ்னி விடுதியான அனிமல் கிங்டம் லாட்ஜில் இருக்கும் சனா உணவகத்தில், ஜன்னலுக்கு வெளியே வரிக்குதிரைகள் மேய, நான் ரொட்டியும் குல்ச்சா ரொட்டியும் தொடுகறிகளோடு வரும். அதைக் கைக்காசு கொடுத்தே சாப்பிடலாம், அத்தனை ருசி. பரிமாறுபவருக்கான டிப்ஸ் பெரும்பாலும் இத்திட்டத்தில் சேராது என்பதால், அதற்குத் தனியே பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.