90 டிகிரி தள்ளி நிற்கும் புள்ளிகள்

கிருஷ்ணகிரியில் எம்.எஸ்சி. இயற்பியல் மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் வழிகாட்டுகிறேன். எங்களிடம் தொலைநோக்கி கிடையாது. ஊட்டி முத்தோரையில் உள்ள 530 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியும் ஒரே தளத்து அலையை மட்டும் வாங்குவது. அலையின் மின்புலம் எந்தத் திசையில் அதிர்கிறது என்று பார்க்கும் தளவிளைவு ஆய்வுக்கு அது ஏற்றதல்ல. பல்சார் என்பது வேகமாகச் சுழன்றபடி ரேடியோ துடிப்புகளை அனுப்பும் விண்மீன்; இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அதன் அளவீடுகளை வைத்தே வேலை செய்கிறோம்.

எல்லாரும் முதலில் எடுப்பது வேலா பல்சாரைத்தான். 89 மில்லி விநாடிக்கு ஒரு சுற்று. அந்தச் சிறு துடிப்புக்குள் தளவிளைவுக் கோணம் எஸ் வடிவில் அழகாகத் திரும்பும். சென்னையில் பிறந்த வி. ராதாகிருஷ்ணன், குக்குடன் சேர்ந்து 1969-ல் இதற்கு விளக்கம் தந்தார்: விண்மீன் சுழலச் சுழல அதன் காந்தப்புலக் கோடுகள் நமக்குத் திசை மாறித் தெரிகின்றன, கோணமும் கூடவே திரும்புகிறது.

பி0329+54 என்ற பல்சார் அவ்வளவு எளிதில் அடங்காது. காவேரிப்பட்டணத்திலிருந்து வரும் மாணவி ஒருவர், அதன் தனித்தனித் துடிப்புகளின் கோணங்களை எல்லாம் ஒரே தாளில் குறித்துக் கொண்டுவந்தார். புள்ளிகள் இரண்டு தடங்களாகப் பிரிந்து கிடந்தன, நடுவே 90 டிகிரி. "இதை எடுத்துட்டா ஃபிட் நல்லா வருது சார்" என்று கீழ்த் தடத்தைக் கையால் மறைத்துக் காட்டினார். எடுக்கவே கூடாது என்றேன். பல்சாரைச் சுற்றியுள்ள பிளாஸ்மா, அதாவது மின்னூட்டத் துகள்களின் கூட்டம், தன்னைக் காட்டிக்கொடுக்கும் இடமே அதுதான்.

எலக்ட்ரானும் பாசிட்ரானும் நிறைந்த அந்தப் பிளாஸ்மாவில், வலுவான காந்தப்புலத்துக்குள், அலை இரண்டு வகையாகத்தான் போக முடியும். ஒன்றின் மின்புலம், புலக்கோடும் அலை செல்லும் திசையும் சேர்ந்த தளத்திலேயே இருக்கும். மற்றதன் மின்புலம் அதற்குச் செங்குத்து. முதல் வகையைப் பிளாஸ்மா வளைத்துவிடும். இரண்டாவது கிட்டத்தட்ட வெற்றிடத்தில் போவதுபோல் நேராகப் போய்விடும். எது மேலோங்குகிறதோ அதன் கோணம் பதிவாகும். அதனால்தான் 90 டிகிரி தள்ளி இரண்டு தடங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அப்புறம் நடப்பது. அலை வெளியே வர வர, அதன் தளவிளைவு அந்தந்த இடத்துக் காந்தப்புலத்தைப் பின்தொடர்ந்தே திரும்புகிறது. பிளாஸ்மா போதிய அளவு மெலிந்ததும் அந்தப் பிடி விட்டுப்போகிறது, கோணம் அப்படியே உறைந்துவிடுகிறது. ஆக நாம் அளக்கும் கோணம் அலை பிறந்த இடத்தைவிட, பிடி விட்ட இடத்தைப் பற்றியே அதிகம் சொல்கிறது. மின்புலத்தின் திசை சுழன்றபடியே வரும் வட்டத் தளவிளைவும் அந்த எல்லையை ஒட்டி உருவாகக்கூடும்.

"வழியில இருக்கற பிளாஸ்மாவும் கோணத்தைத் திருப்புமே சார், அதுவும் இதுல கலந்திருக்காதா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. விண்மீன்களுக்கு இடையிலான அந்தத் திருப்பம் அலைநீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரே அலைநீளத்தில் எல்லாப் புள்ளிகளையும் ஒரே அளவு திருப்பும். பல அதிர்வெண்களில் அளந்து கழித்துவிடலாம். இரண்டு தடம் அதனால் வராது.

சரி என்று இரண்டு தடங்களையும் வைத்தே வளைவைப் பொருத்தினார். ஒன்றை 90 டிகிரி நகர்த்தியதும் மற்றதன் மேல் உட்கார்ந்தது. துடிப்பின் மையப் பகுதியில் மட்டும் சில புள்ளிகள் எந்தத் தடத்திலும் சேரவில்லை. அடுத்து வரும் மாணவர்களை அங்கிருந்து தொடங்கச் சொல்லப் போகிறேன்.