வெள்ளையாக மட்டும் இருந்தால் போதாது: என் முன்பற்களின் செராமிக் வெனீர்

தருமபுரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு என் பற்களைப் பற்றி விளக்கத் தேவையில்லை. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தாண்டிய ஊர்கள் எங்கள் மாவட்டத்தில் பல. ஃபுளோரைடு மிகுந்தால், பல் ஈறுக்குள் உருவாகும்போதே எனாமல் என்கிற அதன் வெளிப்படலம் கெட்டுப் பழுப்பாகிவிடும்; எதைப் போட்டுத் துலக்கினாலும் அந்தப் பழுப்பு போகாது.

ப்ளீச்சிங்குக்கும் கறை மசியவில்லை. மேல் முன்பற்கள் ஆறுக்கும் செராமிக் வெனீர், அதாவது பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகடு, வைக்க முடிவு செய்தேன். முதலில் போன இடத்தில் இருப்பதிலேயே வெளுப்பான நிறத்தைக் காட்டி, "நடிகர் மாதிரி ஆகிவிடுவீர்கள்" என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

சேலத்தில் கிடைத்த மருத்துவர், எனாமலை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் சீவ வேண்டும், சீவியது திரும்ப வளராது என்பதைத்தான் முதலில் சொன்னார். மெழுகு மாதிரியைப் பார்த்துத் தற்காலிகப் பல் அமைத்து, "வாழை, வண்டி, வெல்லம்" என்று சொல்லச் சொன்னார். மேல்பல் நுனி கீழுதட்டில் படும் விதத்தைக் கவனித்து நீளத்தைக் குறைத்தார்.

நிறம் பார்த்ததுதான் நீண்ட வேலை. வாய் திறந்தே இருந்தால் பல் காய்ந்து, உள்ளதைவிட வெளுப்பாகத் தெரியுமாம். அதனால் உட்கார்ந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில், கறை குறைவான கீழ்ப்பற்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வெனீரைச் செய்யும் லேப் டெக்னீஷியனே நேரில் வந்து தாளில் பல்லை வரைந்து குறித்துக்கொண்டார்: ஈறோரம் லேசான மஞ்சள், நுனியில் நீலம் கலந்த கண்ணாடித் தன்மை, கோரைப்பல்லின் நிறம் ஒரு படி அடர்த்தி. இதில் சிக்கல் என்னவென்றால், செராமிக் மெல்லியதாக இருந்தால் பழுப்பு மேலே தெரியும். அதை மறைக்க ஒளிபுகாப் பொருளைக் கூட்டினால் பல் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். முதல்முறை வைத்துப் பார்த்தபோது நடுப்பற்கள் இரண்டும் அப்படித்தான் உயிரில்லாமல் இருந்தன. ஒட்டாமல் திருப்பி அனுப்பினார்கள். உள்பக்கம் மட்டும் மறைப்பு வைத்து, மேலே ஒளி புகும் அடுக்கேற்றி, மேற்பரப்பில் நுண்ணிய வரிகளும் போட்டுக் கொடுத்தார் அந்த டெக்னீஷியன். கண்ணாடியில் பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை.

வெனீர் பிடித்து ஒட்ட, முதலில் பாஸ்பாரிக் அமிலம் பூசி எனாமலைச் சொரசொரப்பாக்க வேண்டும்; ஃபுளோரைடு ஏறிய எனாமலில் அது சுலபத்தில் பிடிக்காது. எனவே கூடுதல் நேரம் வைத்துக் கழுவி, உலர்த்தி, ஒவ்வொன்றாக ஒட்டினார் மருத்துவர். கரும்பை முன்பல்லால் கடிக்கக்கூடாது என்பதும், பல்லிடுக்கை தினமும் நூலால் சுத்தம் செய்ய வேண்டும் என்பதும் அவர் போட்ட நிபந்தனைகள்.