சீதன வீட்டை வாடகைக்குக் கொடுக்க முன்

முதலில் உறுதியை எடுத்து, வீடு யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் சீதனமாகப் பெண்ணின் பெயரில்தான் இருக்கும். வட இலங்கைத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் காணி, வீட்டைக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டு முதல் இதுதான் சட்டம். குத்தகை உறுதிக்கும் அந்தக் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். கணவர் கனடாவில் இருந்தால் அவர் சார்பில் இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் அற்றோர்னித் தத்துவத்தை வரவழைத்துப் பதிவு செய்ய நாளெடுக்கும். ஆள் குடிவர முன் தொடங்குங்கள். விட்டுப் போனவர், இருக்குமிடம் தெரியாதவர் என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். போருக்குப் பிறகு இந்த நிலையில் எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். சொந்த வீட்டுக்குக் கையெழுத்து வைக்க அவர்கள் நீதிமன்றப் படியேற வேண்டியிருப்பது அநியாயம்தான். ஆனாலும் அதைத் தவிர்த்து எழுதிய உறுதி பிறகு கைவிட்டுவிடும்.

அடுத்தது ஒப்பந்தம். வெள்ளைத்தாளில் "ஒரு வருடம்" என்று எழுதி, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒரு வருடம் செல்லாது. குடியிருப்பவர் மாத வாடகைக்காரர்தான். அவரை எழுப்ப முழு மாத அறிவித்தல் தேவை. அதுவும் வாடகை மாதத்தின் கடைசி நாளில் முடிய வேண்டும். முதலாம் திகதி தொடங்கும் வாடகைக்கு மார்ச் 5இல் கடிதம் கொடுத்தால், வெளியேற வேண்டிய நாள் ஏப்ரல் 5 அல்ல, ஏப்ரல் 30. இந்தத் திகதி பிழைத்தால் வழக்கும் பிழைக்கும்.

நொத்தாரிசு உறுதிக்குச் செலவுண்டு. 2025 ஏப்ரல் முதல் குத்தகைக்கு முத்திரைத் தீர்வை 1,000 ரூபாய்க்கு 20 ரூபாய். மாதம் 40,000 வீதம் இரண்டு வருடத்துக்கு மொத்த வாடகை 960,000, தீர்வை 19,200. இந்தக் காசுக்குப் பஞ்சி பார்க்காதீர்கள். குத்தகைக்குக் கொடுத்த வீட்டைச் சுருக்க வழியில் மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் திறந்த கதவு நொத்தாரிசு உறுதி உள்ளவருக்குத்தான். எழுதிய உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதியவும் மறக்க வேண்டாம்.

1980க்கு முன் கட்டிய நாற்சார் வீடு என்றால் கதை வேறு. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் அதைப் பிடிக்கக்கூடும். அப்படியானால் மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்க முடியாது. தவணை முடிந்தது என்பதற்காக மட்டும் ஆளை எழுப்பவும் முடியாது. அத்தகைய வீட்டைக் குடியிருப்பவரோடு சேர்த்து வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

வெளிநாட்டில் இருந்து வாங்க நினைப்பவர்கள் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தைக் கவனியுங்கள். இலங்கைப் பிரஜாவுரிமை இல்லாதவர் இங்கே காணி வாங்க முடியாது. இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தவர் வாங்கலாம். தாய் தகப்பன் நன்கொடையாகக் கொடுப்பதற்கும் முதுசமாக வருவதற்கும் தடையில்லை. உறவுக்காரர் பெயரில் வாங்கி வைப்பது மட்டும் வேண்டாம். உறுதியில் பெயர் உள்ளவர்தான் உரிமைக்காரர்.

வரி பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. இங்கே வதிபவருக்கு வாடகையில் 25 வீதம் திருத்தவேலைக்கெனக் கழியும். அதன்மேல் வருடம் 18 இலட்சம் தனிநபர் நிவாரணம். ஓய்வூதியம், வட்டி போன்ற மற்ற வருமானத்தையும் சேர்த்துத்தான் கணக்கு. விவரத்திரட்டை நவம்பர் 30க்குள் கொடுங்கள். மாநகர சபைக்குரிய சோலைவரியை வருடம் முழுவதற்கும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு.

சாவி கொடுக்கும் நாளில் மின்மானி வாசிப்பைப் படம் எடுத்து, கிணற்று மோட்டர், தண்ணீர்த் தாங்கி, மின்விசிறிகள் ஒவ்வொன்றின் நிலையையும் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். மின்கணக்கு உங்கள் பெயரில் இருக்கும்வரை, அவர் கட்டாமல் விட்ட நிலுவை உங்கள் தலையில்தான் விழும்.